'தி லாங்கஸ்ட் டே': முகம் முகமாகப் பார்க்க வேண்டிய படம்

முதல் தடவை இந்தப் படத்தைப் பார்த்தபோது ஒரு மணி நேரத்திலேயே தூங்கிவிட்டேன். சலிப்பில் இல்லை, குழப்பத்தில். இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூனில், ஹிட்லரின் பிடியில் இருந்த பிரான்ஸில் நேச நாட்டுப் படைகள் கடல்வழியாக இறங்கிய நாளைப் பற்றிய படம். மூன்று மணி நேரத்துக்கு இரண்டு நிமிடம் குறைவு. யாரோ வருவார், இரண்டு வரி பேசுவார், போய்விடுவார். அவர் யார் என்று யோசிப்பதற்குள் இன்னொருவர் வந்து நிற்பார். நான் பாட்டுக்குக் கதாநாயகன் எப்போது வருவான் என்று காத்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒருவன் கடைசி வரை வரவில்லை.

இரண்டாம் தடவை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். புதிதாக ஒரு முகம் வந்ததும் படத்தை நிறுத்துவேன். இந்த நடிகர் யார், யாராக நடிக்கிறார், இவரை ஏன் பிடித்தார்கள் என்று ஒரு வரி எழுதுவேன். அன்றைக்குத்தான் படம் எனக்குப் பிடிபட்டது. போன மாதம் அண்ணன் மகன் என்னோடு உட்கார்ந்து பார்த்தான். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, "சித்தப்பா, இவர் எந்தக் கட்சி?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில், எந்தப் பிரதி என்று பாருங்கள். இந்தப் படத்தில் ஜெர்மானியர் ஜெர்மன் பேசுவார்கள், பிரெஞ்சுக்காரர் பிரெஞ்சு பேசுவார்கள், கீழே சப்டைட்டில் ஓடும். எல்லாரும் ஆங்கிலத்தில் பேசும் ஒரு பிரதியும் உண்டு. நான் முதலில் வாங்கிய டிஸ்க் அதுதான். ஜெர்மன் தளபதிகள் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தால் யார் யாருக்கு எதிரி என்று எப்படித் தெரியும்? என் முதல் நாள் குழப்பத்தில் பாதி அதனால் வந்தது. மூன்று மொழியும் உள்ள பிரதியில் வாயைத் திறந்ததுமே ஆள் எந்தப் பக்கம் என்று காதே சொல்லிவிடும். பின்னாளில் நிறம் ஏற்றிய ஒரு பிரதியும் வந்தது, அது வேண்டாம். 1962இல், கலர் தாராளமாகப் புழக்கத்தில் இருந்த காலத்தில், தயாரிப்பாளர் டேரில் ஸானக் வேண்டுமென்றே கறுப்பு வெள்ளையில் எடுத்தார். போர்க்காலச் செய்திப்படம் பார்த்த தலைமுறைக்கு அந்த நாள் கறுப்பு வெள்ளையில்தான் நினைவில் இருந்தது.

அப்புறம் ஒரு சின்ன வரைபடம். ஒரு தாளில் படுக்கையாக ஒரு கோடு போடுங்கள். அதுதான் பிரான்ஸின் நார்மண்டிக் கடற்கரை. இடமிருந்து வலமாக யூட்டா, ஒமாஹா, கோல்ட், ஜூனோ, ஸ்வார்ட் என்று ஐந்து கடற்கரைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். இடது பக்க இரண்டும் அமெரிக்கர்களுக்கு, ஜூனோ கனடாக்காரர்களுக்கு, மற்ற இரண்டும் பிரிட்டிஷ்காரர்களுக்கு. படை இறங்குவதற்கு முந்தைய இரவில் இடது கோடியில் அமெரிக்க பாராசூட் வீரர்களும் வலது கோடியில் பிரிட்டிஷ் பாராசூட் வீரர்களும், கிளைடர் என்ற எஞ்சின் இல்லாத விமானங்களில் வரும் வீரர்களும் இறங்குகிறார்கள். 1944 ஜூன் 5 அன்று நடக்க வேண்டியது, வானிலை மோசமானதால் ஒரு நாள் தள்ளிப்போகிறது. இந்த வானிலையில் எவன் வருவான் என்று நினைத்து, மனைவியின் பிறந்தநாளுக்காக ஜெர்மன் தளபதி ரோமெல் ஊருக்குப் போய்விடுகிறார். இவ்வளவு தெரிந்தால் போதும். மற்றதைப் படமே சொல்லும். ஒரு முக்கியமான ஆள் அறிமுகமாகும்போது அவர் பெயரும் பதவியும் திரையில் எழுத்தாக வரும். அந்த எழுத்தைப் படிக்காமல் விடாதீர்கள். கையில் ரிமோட் இருக்கட்டும்.

இனி நடிகர்கள் விஷயம்.

இந்தப் படத்துக்கு மூலமான, கார்னீலியஸ் ரயன் 1959இல் எழுதிய புத்தகத்தில் நூற்றுக்கணக்கான நிஜ மனிதர்கள் வருகிறார்கள். யாராவது மறந்துபோனால் பக்கத்தைப் பின்னால் திருப்பிப் பார்க்கலாம். தியேட்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த வசதி இல்லை. ஸானக் கண்ட வழி, தெரிந்த முகங்களை வைத்து அடையாளம் போடுவது. ஒருவர் ஐந்து நிமிடம் வந்துவிட்டு ஒரு மணி நேரம் காணாமல் போய்த் திரும்பி வந்தாலும், அவர் ஹென்றி ஃபோண்டா என்றால் மறக்காது. கூடவே வியாபாரமும் இருந்தது. அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் நட்சத்திரங்கள் ஒரே படத்தில் இருந்தால் நாலு நாட்டிலும் சீட்டு விற்கும். சுமார் 1 கோடி டாலர் செலவு. 1993இல் 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' வரும் வரை அதிகச் செலவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் என்று இதைத்தான் சொல்வார்கள். அந்தப் பணம் போன இடத்தைத் தேடினால் முகங்களுக்கும் போயிருக்கும், கடற்கரைக்கும் போயிருக்கும்.

ஒவ்வொரு முகத்துக்கும் என் நோட்டில் ஒரே கேள்விதான் வைத்திருக்கிறேன்: இந்த நட்சத்திரம் அந்த நிஜ மனிதனைக் காட்டுகிறாரா, மறைக்கிறாரா? நாலு பேரை இந்தக் கேள்வியோடு பாருங்கள், மற்றவர்கள் தானாக வந்துவிடுவார்கள்.

முதலில் ஜான் வெய்ன். பாராசூட் பட்டாலியன் தளபதி பெஞ்சமின் வாண்டர்வூர்ட்டாக நடிக்கிறார். அந்த வேடத்துக்கு சார்ல்டன் ஹெஸ்டன் ஆசைப்பட்டார், கடைசியில் வெய்னுக்குப் போனது. வெய்ன் சொந்தமாக எடுத்த 'தி அலாமோ' படத்தைப் பற்றி ஸானக் முன்பு ஏளனமாகப் பேசியிருந்தாராம். அந்தக் கோபத்தில் வெய்ன் 2,50,000 டாலர் கேட்டார் என்றும், மற்ற நட்சத்திரங்களுக்குக் கிடைத்ததைப் போலப் பல மடங்கான அந்தத் தொகையை ஸானக் மறுபேச்சில்லாமல் கொடுத்தார் என்றும் கதை உண்டு. நாலு நாள் வேலைக்கு! சரி, பணத்தை விடுங்கள். நிஜ வாண்டர்வூர்ட்டுக்கு அன்றைக்கு 27 வயது. படம் எடுக்கும்போது வெய்னுக்கு 54. சரியாக இரண்டு மடங்கு. குதித்ததில் கணுக்கால் உடைந்து, பூட்ஸை இறுக்கிக் கட்டச் சொல்லிவிட்டு, துப்பாக்கியை ஊன்றிக்கொண்டு நடந்த ஓர் இளைஞனின் கதை அது. வெய்ன் செய்யும்போது, 'இந்த ஆளை எதுவும் ஒன்றும் செய்யாது' என்று நமக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. பயமே வருவதில்லை. என் நோட்டில் 'மறைக்கிறார்' என்று எழுதியிருக்கிறேன். அண்ணன் மகன் ஒத்துக்கொள்ளவில்லை. அவனுக்கு வெய்ன் வரும் காட்சிதான் பிடித்தது.

இரண்டாவது ஹென்றி ஃபோண்டா. யூட்டாவில் இறங்கும் தியோடர் ரூஸ்வெல்ட் ஜூனியர். அமெரிக்க அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட்டின் மகன். கைத்தடி ஊன்றி நடக்கிற, மூட்டுவலிக்கார ஜெனரல். முதல் அலையோடு நானும் இறங்குவேன் என்று அடம்பிடிக்கிறார். எட்மண்ட் ஓ'பிரையன் நடிக்கும் மேலதிகாரி பார்ட்டன் அனுமதி கொடுக்கத் தயங்குகிறார். இந்த ஆளைத் திரும்ப உயிரோடு பார்க்கப்போவதில்லை என்பது அவர் முகத்தில் தெரியும். அந்தக் காட்சியில் வெடிச்சத்தமே கிடையாது, இரண்டு வயதானவர்கள் பேசிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். நிஜ ரூஸ்வெல்ட்டுக்கு அன்று 56 வயது. ஃபோண்டாவுக்கும் நடித்தபோது 56. வெய்னுடைய கணக்குக்குப் பக்கத்தில் இந்தக் கணக்கை வைத்துப் பாருங்கள். ஃபோண்டா போரின்போது கடற்படையில் இருந்தவரும்கூட. தடியைப் பிடித்திருக்கும் கையைக் கவனியுங்கள். வலி இருப்பதைக் காட்டாமல் இருக்க முயலும் ஒருவரின் கை அது. படகுகள் திட்டமிட்ட இடத்தில் இறங்காமல் சுமார் 2 கிலோமீட்டர் தள்ளி இறங்கிவிடுகின்றன. வரைபடத்தைப் பார்த்துவிட்டு, சரி, போரை இங்கிருந்தே ஆரம்பிப்போம் என்று முடிவெடுக்கிறார். மகன் க்வென்டின் அதே நாள் ஒமாஹாவில் இறங்கினான் என்பதைப் படம் பார்த்த பிறகு படித்தேன். ஜூலை 12 அன்று, இறங்கி ஐந்து வாரத்தில், ரூஸ்வெல்ட் மாரடைப்பால் இறந்தார். இதைத் தெரிந்துகொண்டு இரண்டாம் தடவை பார்த்தால் அந்த மணலில் அவர் நடப்பதே வேறு மாதிரி தெரியும்.

மூன்றாவது ரிச்சர்ட் டாட். இந்தப் படத்தில் ஒரே ஒரு தேர்வைப் பற்றித்தான் பேச நேரம் இருக்கிறது என்றால் நான் இவரைப் பற்றித்தான் பேசுவேன். நள்ளிரவு தாண்டிய சில நிமிடங்களில், பெனுவில் என்ற இடத்தில் ஒரு கால்வாய்ப் பாலத்துக்குப் பக்கத்தில் மூன்று கிளைடர்கள் தரையில் மோதி நிற்கின்றன. மேஜர் ஜான் ஹவர்டின் ஆட்கள் பாலத்தைப் பிடித்துவிடுகிறார்கள். பிடித்தாகிவிட்டது, இனி உதவிப் படை வரும் வரை விடக்கூடாது. அந்த ஹவர்டாக நடிப்பவர் டாட். அதே இரவில் 7ஆவது பாராசூட் பட்டாலியனில் ஓர் இளம் அதிகாரியாகக் குதித்து, அதே பாலத்துக்கு உதவிக்கு வந்து, ஹவர்டை நேரில் பார்த்தவர்களில் அதே டாடும் ஒருவர். ஹவர்ட் காத்திருந்த உதவியில் ஒரு பங்காக வந்தவர், பதினேழு வருடம் கழித்து, காத்திருக்கும் ஹவர்டாக நிற்கிறார். எங்கே? செட்டில் இல்லை, அந்தப் பாலத்திலேயே. பழைய பாலம் அப்போது இன்னும் இருந்தது. இப்போது அதை அருகிலேயே அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். படத்துக்கு ஆலோசகர்களாக இருந்தவர்களில் ஹவர்டும் ஒருவர்.

இதைத் தெரிந்துகொண்டு அந்தப் பாலத்துக் காட்சியைத் திரும்பப் போடுங்கள். டாட் இருட்டில் நின்று, உதவி வரும் திசையைப் பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். அந்தத் திசையில் யார் வரப்போகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். நடிப்பு என்று பெரிதாக எதுவும் செய்யமாட்டார். செய்யவும் வேண்டியதில்லை.

நாலாவது ஆள் நடிகரே இல்லை. படையெடுப்பின் தலைமைத் தளபதி ஐசனோவராக யாரைப் போடுவது என்று பேச்சு வந்தபோது ஐசனோவரையே கேட்கலாமா என்று யோசித்திருக்கிறார்கள். 1944இன் வயதுக்கு அவரை மேக்கப்பில் கொண்டுவர முடியாது என்று விட்டுவிட்டார்கள். பிறகு கிடைத்தவர் ஹென்றி கிரேஸ், செட் அலங்காரம் செய்பவர். 'ஜிஜி' படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர், அதுவும் அலங்காரத்துக்குத்தான். முகம் அச்சு அசல் ஐசனோவர். குரல் பொருந்தாததால் வேறொருவரைப் பேசவைத்தார்கள். இத்தனை நட்சத்திரம் நிறைந்த படத்தில், படையெடுப்பையே முடிவு செய்யும் மனிதராக வருபவர் யாருக்கும் தெரியாத ஓர் ஆள்! சிரிப்பு வந்தாலும் இது சரியான தேர்வு. வானிலை அறிக்கை வந்து, போகலாமா வேண்டாமா என்று எல்லாரும் அவரைப் பார்க்கும்போது, நாம் ஒரு நடிகரைப் பார்க்கவில்லை.

இந்த நாலு பேரைப் பார்த்த பிறகு, தெரிந்த முகத்தை வைத்துப் படம் நம்மை ஏமாற்றுகிற இடம் ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்க பாராசூட் வீரர்களுக்குத் தகரத்தில் செய்த ஒரு சின்னக் கிளிக்கர் கொடுத்திருப்பார்கள். இருட்டில் ஒரு தடவை அழுத்தினால், நம் ஆளாக இருந்தால் இரண்டு தடவை பதில் வரும். சால் மினியோ, 'ரெபல் விதவுட் எ காஸ்' படத்தில் ஜேம்ஸ் டீனோடு நடித்த அதே பையன், தனியாக ஒரு சுவரோரம் நின்று அழுத்துகிறார். 'டிக்'. பதில் வருகிறது: 'டிக்-டிக்'. முகம் மலர்ந்து வெளியே வருகிறார். சுடப்படுகிறார். அது கிளிக்கர் இல்லை, ஒரு ஜெர்மானியன் துப்பாக்கியின் போல்ட்டை இழுத்துத் தள்ளிய சத்தம். தெரியாத பையன் ஒருவன் அங்கே செத்திருந்தால் நாம் அடுத்த காட்சிக்குப் போயிருப்போம். பெயர் தெரிந்த நடிகர் இவ்வளவு சீக்கிரம் சாகமாட்டார் என்று மனது தானாகக் கணக்குப் போட்டிருந்ததால்தான் அது குத்துகிறது. ஹெட்ஃபோன் போட்டுப் பார்த்தால் இரண்டு சத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் கேட்கும். எனக்கு மூன்றாம் தடவைதான் கேட்டது.

படத்தை ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இரண்டு இரவாகப் பிரியுங்கள். முதல் இரவை முடிக்கச் சரியான இடம் ப்ளுஸ்கட்டின் பதுங்கு குழி. ஜெர்மன் மேஜர் ப்ளுஸ்கட்டாக நடிப்பவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் பிளெக். விடியும் நேரம். குழியின் பிளவு வழியாக பைனாகுலரில் கடலைப் பார்க்கிறார். ஒன்றும் இல்லை, மூடுபனி. திரும்பப் பார்க்கிறார். கடல் முழுக்கக் கப்பல். தொலைபேசியில் சொன்னால் மறுமுனையில் இருப்பவர் நம்பவில்லை, எந்தத் திசையில் போகின்றன என்று கேட்கிறார். நேராக என்னை நோக்கித்தான் என்கிறார் ப்ளுஸ்கட். பிளெக்கின் முகத்தில் ஒரு பக்கம் வடு இருக்கும். அந்த முகம் தளர்ந்து, கண் மட்டும் விரியும். ஹாலிவுட் நட்சத்திரம் யாராலும் முடியாத ஒரு நிமிடம் அது. அங்கே நிறுத்திவிட்டுத் தூங்கப் போங்கள்.

ஜெர்மன் நடிகர்களைத்தான் நான் இப்போதெல்லாம் அதிகம் பார்க்கிறேன். அவர்கள் பகுதியை எடுத்தவர் வேறொரு இயக்குநர், பெர்ன்ஹார்ட் விக்கி. அமெரிக்கப் பகுதி ஆண்ட்ரூ மார்ட்டன், பிரிட்டிஷ் பகுதி கென் அன்னகின். நடுநடுவே ஸானக்கும் புகுந்து எடுத்தார். விக்கியின் பகுதியில் வேகம் குறையும், ஆட்கள் அறைக்குள் நின்று தொலைபேசியோடு மல்லுக்கட்டுவார்கள். ஹிட்லர் மாத்திரை போட்டுத் தூங்குகிறார், எழுப்பக் கூடாது, அதனால் டாங்கிப் படையை நகர்த்த உத்தரவு வரவில்லை. ஜெர்மன் ஜெனரல் ப்ளூமன்ட்ரிட்டாக வரும் குர்ட் யூர்கென்ஸ் அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு ரிசீவரை வைக்கும் விதத்தைப் பாருங்கள். போர் தோற்றுப்போய்விட்டது என்று தெரிந்த மனிதர், கத்தாமல், கோபப்படக்கூடச் செய்யாமல் நிற்பார்.

பிரெஞ்சுப் பக்கத்தில், கீஃபர் என்ற அதிகாரியின் கமாண்டோக்கள் விஸ்ட்ரஹாம் என்ற ஊருக்குள் ஓடும் காட்சியை ஹெலிகாப்டரிலிருந்து ஒரே ஷாட்டாக, வெட்டே இல்லாமல் எடுத்திருப்பார்கள். பார்க்கும்போது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வோம். எடுத்த இடம் விஸ்ட்ரஹாம் இல்லை, போர்-ஆன்-பெசான் என்ற துறைமுகம். விஸ்ட்ரஹாமில் கமாண்டோக்கள் தாக்கும் சூதாட்ட மாளிகையை ஜெர்மானியர்கள் அதற்கு முன்பே இடித்துவிட்டிருந்தார்கள், படத்தில் அது கம்பீரமாக நிற்கும். வரலாற்றுப் பிழை கண்டுபிடிப்பதில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இந்தப் படம் விருந்து. ஆனால் முதல் தடவை அந்த வேலையைச் செய்யாதீர்கள்.

பாயின்ட் டு ஹாக் பாறையில் ஏறும் ரேஞ்சர்கள் என்ற அமெரிக்கச் சிறப்புப் படை வீரர்களில் பால் ஆங்கா, ஃபேபியன், டாமி சாண்ட்ஸ் என்று மூன்று பாடகர்கள் இருக்கிறார்கள். இளசுகளைத் தியேட்டருக்கு இழுக்கப் போட்ட தூண்டில். நடிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. படத்தின் பாட்டை எழுதியவர் ஆங்காதான், அந்த மட்டில் உபயோகம்.

ஷான் கானரியைத் தேடிக்கொண்டே பார்க்காதீர்கள், அவர் வரும்போது தெரியும். கடற்கரையில் இறங்கி வாய் ஓயாமல் பேசும் சாதாரணச் சிப்பாய். படம் பாரிஸில் வெளியானது 1962 செப்டம்பர் 25. கானரி ஜேம்ஸ் பாண்டாக நடித்த 'டாக்டர் நோ' லண்டனில் வெளியானது அக்டோபர் 5. பத்து நாள் இடைவெளி. அதாவது, இதில் கானரியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போன முதல் பார்வையாளர்களுக்கு அவர் யாரோ ஒரு துணை நடிகர். இதே படத்தில் குதிரைமேல் காபிப் பாத்திரங்களோடு போகும் குண்டு சார்ஜென்ட் கெர்ட் ஃபுரோபே. இரண்டு வருடம் கழித்து கானரிக்கு எதிரே கோல்ட்ஃபிங்கராக நின்றவர். கூட்டத்தில் யார் பின்னால் பெரிய ஆள் ஆவார் என்று ஸானக்குக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனவே நட்சத்திரப் பட்டியலை இன்றைய கண்ணால் மட்டும் படிக்காதீர்கள். 1962இன் கண்ணுக்குப் பெரிய பெயர், பிரெஞ்சுக்காரருக்கு பூர்வில். தலையில் கவசமும் கையில் ஷாம்பேன் பாட்டிலுமாக விடுதலைப் படையை வரவேற்கக் கடற்கரைக்கு ஓடும் மேயர் அவர்தான்.

ரிச்சர்ட் பர்ட்டனுக்கு விமானப்படை வீரர் வேடம். ரோமில் 'கிளியோபாட்ரா' படப்பிடிப்பு இழுத்துக்கொண்டே போக, வேலையில்லாமல் சும்மா உட்கார்ந்திருந்த பர்ட்டனும் ராடி மெக்டவலும் வந்து சில நாள் நடித்துவிட்டுப் போனார்கள். பர்ட்டனுக்கு மொத்தம் இரண்டே காட்சி. இரண்டாவது, படம் முடியும் தறுவாயில். காலில் ஊக்குகள் குத்திக் காயத்தைச் சேர்த்துவைத்திருக்கும் நிலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். எதிரே ஒரு ஜெர்மானியன் செத்துக் கிடக்கிறான். அங்கே ஓர் அமெரிக்கச் சிப்பாய் வந்து சேர்கிறான். ரிச்சர்ட் பெய்மர், முந்தைய வருடம் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் கதாநாயகன். காலையிலிருந்து தன் படையைத் தேடித் திரிகிறான், ஒரு குண்டுகூடச் சுடவில்லை. செத்தவனின் பூட்ஸைப் பாருங்கள் என்று பர்ட்டன் சொல்லுவார். இடது வலது மாறியிருக்கும். அவசரத்தில் மாட்டிக்கொண்டு ஓடிவந்திருக்கிறான்.

பர்ட்டனின் அந்தக் குரலுக்குப் போட்டியே கிடையாது என்பதால், அந்தக் காட்சியில் குரலைக் கேட்காதீர்கள். பெய்மரைப் பாருங்கள். பர்ட்டன் சொல்வதற்கு அவனிடம் பதில் இல்லை, வேறு வேலையும் இல்லை. யார் ஜெயித்தது என்று கடைசியில் அவன் கேட்பான்.

அண்ணன் மகன் அப்போது ரிமோட்டை எடுத்து நிறுத்தினான். நோட்டை இழுத்து, பெய்மர் பெயருக்கு நேரே அவனே எழுதினான்: 'காட்டுகிறார்.' எந்த நிஜ மனிதனை என்று கேட்டேன். "அதான் தெரியல சித்தப்பா, ஆனா காட்டுறார்" என்றான்.